நமக்காக வரிசையில் நிற்கும் தாள்

ஜூலை பிறந்துவிட்டால் அரியலூரிலும் பெரம்பலூரிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பிரவுசிங் சென்டர்களில் கால் வைக்க இடமிருக்காது. பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதியும் ‘சாய்ஸ் ஃபில்லிங்’ நடக்கும் நேரம். கணினிக்கு முன்னால் கடைக்காரர். பக்கத்து நாற்காலியில் ஒரு மாணவி, கையில் நான்காக மடித்த தாள். பின்னால் அவளுடைய அப்பா, சிமென்ட் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர். தாளின் முதல் வரியில் கிண்டி பொறியியல் கல்லூரி என்று இருக்கிறது. அதைப் படித்ததும் கடைக்காரரின் விரல்கள் நின்றுவிடுகின்றன.

“அண்ணே, பாப்பா கட்-ஆஃபுக்குக் கிண்டி எல்லாம் வராதுண்ணே. அத முதல்ல போட்டு சாய்ஸ வீணாக்காதீங்க. கிடைக்கிறத மேல போடுங்க. இல்லாட்டி அதுவும் கைய விட்டுப் போயிடும்.”

அப்பா மகளைப் பார்க்கிறார். மகள் தாளைப் பார்க்கிறாள். கிண்டி ஏழாவது வரிக்கு இறங்குகிறது.

எந்த ஆண்டு போனாலும் பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த யோசனை தவறு. ஏன் தவறு என்று காட்ட ஒரு கணிதம் இருக்கிறது. அந்தக் கணிதத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்திருக்கிறது.

அங்கே கட்டுரை, இங்கே பட்டியல்

கணிதத்துக்கு முன் ஓர் ஒப்பீடு. அமெரிக்காவில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாற விரும்பும் மாணவர் கட்டுரை எழுத வேண்டும். இருக்கும் இடத்தை விட்டு ஏன் கிளம்புகிறாய், ஏன் எங்களிடம் வருகிறாய் என்று கேட்பார்கள். பட்டம் முடிந்தபின் மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளும் இதே கேள்விக்கு ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்’ என்ற பெயரில் பதில் எழுதிக் களைத்துப்போகிறார்கள்.

அங்கே அந்தக் கேள்விக்கு ஒரு தேவை இருக்கிறது. ஒரு மாணவர் பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பார். பத்தும் தனித்தனியே முடிவெடுக்கும். இடம் கொடுத்தால் இவர் வருவாரா, வேறெங்காவது போய்விடுவாரா என்பது கல்லூரிக்குத் தெரியாது. அந்த ஐயத்தைப் போக்கத்தான் கட்டுரை. ‘நீங்கள்தான் எனக்கு வேண்டும்’ என்று பத்துப் பேரிடமும் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொருவரிடமும் நம்பும்படி சொல்ல உழைப்பு வேண்டும். அந்த உழைப்புதான் அடையாளம். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2006இல் இதையே வேறு விதமாகச் செய்தது. ஆசிரியர் வேலை தேடும் முனைவர்கள் ஒவ்வொருவரும் இரண்டே இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் ‘உங்கள்மீது எனக்குத் தனி விருப்பம்’ என்று சங்கத்தின் வழியாகச் சொல்லியனுப்பலாம். இரண்டுக்கு மேல் கிடையாது என்பதால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் ‘ஏன்?’ என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரி உங்களைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. இரண்டே தகவல்கள்: உங்கள் தரவரிசை, நீங்கள் எழுதிய பட்டியல். கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. இருவர் சமமாக வந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போவார்கள். பிறந்த தேதி வரை சமமாக இருந்தால், விண்ணப்பித்தபோது கணினி கொடுத்த சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். மிச்சமெல்லாம் பட்டியலின் கையில்.

அண்ணா பல்கலைக்கழகத்துப் பெரிய திரை

பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, பட்டியலே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும். 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையைத் தொடங்கியது. 2017 வரை மாணவர்கள் நேரில்தான் போனார்கள். அரியலூர்க்காரர்கள் கார்டு லைனில் ரயிலேறுவார்கள். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, இரவுப் பேருந்துதான். விடிகாலையில் கிண்டியில் இறங்கி, பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வளாகத்துக்குள் போனால் பெரிய திரையில் கல்லூரிகளின் பெயர்களும் மீதமுள்ள இடங்களும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை எண்ணிக்கை குறையும்போதும் அரங்கில் ஒரு பெருமூச்சு.

உள்ளே நடப்பது மிக எளிது. முதல் ரேங்க் வந்து தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். இரண்டாவது ரேங்க் வந்து மீதியில் பிடித்ததை எடுப்பார். உங்கள் முறை வரும்போது திரையில் என்ன மிச்சமோ அதில் உங்களுக்குப் பிடித்தது உங்களுடையது. கணிதத்தில் இதற்குத் ‘தொடர் சர்வாதிகாரம்’ என்று விளையாட்டாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். முறை வரும் அந்தச் சில நிமிடங்களுக்கு நீங்களே ராஜா. நீங்கள் எழுந்ததும் அடுத்தவர் ராஜா.

2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. பயணம் நின்றது, விதி மாறவில்லை. நேரில் நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உங்கள் பட்டியல் உட்காருகிறது. உங்கள் முறை வந்ததும் கணினி அதைப் பிரித்து, முதல் வரியில் இருப்பது காலியா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது வரி. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. காலியாக இருக்கும் முதல் வரியில் நின்றுவிடும். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. ஒதுக்கீடும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடும் சேரும்போது ஒவ்வொரு கல்லூரியும் பல சின்னக் கல்லூரிகளாகப் பிரிந்ததுபோல் ஆகும். தேடும் விதம் அதேதான்.

இனி கடைக்காரரின் யோசனையைச் சோதிக்கலாம். உங்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்க ஊரிலிருந்து சித்தப்பாவை அனுப்புகிறீர்கள். “முதல்ல கிண்டி இருக்கான்னு கேளுங்க சித்தப்பா. இல்லேன்னா காரைக்குடி” என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அவர் கேட்கிறார், கிண்டி இல்லை என்கிறார்கள், அடுத்த நொடி காரைக்குடியைக் கேட்கிறார். இடையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் காரைக்குடியைத் தட்டிப் பறிக்க முடியுமா? முடியாது. சித்தப்பா எழுந்திருக்கும்வரை அடுத்தவர் உள்ளே வரவே மாட்டார். கேட்டதால் நட்டம் இல்லை. கேட்காமல் விட்டால், எதிர்பாராமல் கிண்டியில் ஓர் இடம் மிச்சமிருந்த ஆண்டில் அதை இழந்திருப்பீர்கள்.

கடைக்காரர் சொல்வது சரியாகும் ஊர்

அப்படியானால் அந்த யோசனை எங்கிருந்து வந்தது? அது பலிக்கும் ஊர்களும் உலகில் இருந்தன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் அரசுப் பள்ளி இடங்களை 2005 வரை ஒதுக்கிய முறையில் இந்தப் பயம் முழுக்க நியாயமானது. மூன்று மாணவர்களை வைத்துப் பார்ப்போம்.

செந்துறைச் செல்வி, குன்னத்து முத்து, ஜெயங்கொண்டத்துக் கவிதா. தரவரிசையும் இதே வரிசைதான். கிண்டி, கோவை, காரைக்குடி ஆகிய ஊர்க் கல்லூரிகளில் தலா ஓர் இடம். செல்வியும் முத்துவும் எழுதியது: கிண்டி, கோவை, காரைக்குடி. கவிதா எழுதியது: கோவை, கிண்டி, காரைக்குடி.

பாஸ்டன் முறை முதலில் எல்லாருடைய முதல் வரியையும் பார்த்து, இடங்களை அங்கேயே முடித்துக் கொடுத்துவிடும். கிண்டிக்குச் செல்வியும் முத்துவும் போட்டி, செல்விக்குக் கிடைக்கிறது. கோவையை முதல் வரியில் எழுதியவர் கவிதா மட்டும்தான், அவருக்கே கோவை. பிறகு இரண்டாவது வரி. முத்து கோவைக்கு வருகிறார், கதவு சாத்தியாயிற்று. அவருக்குக் காரைக்குடிதான். கவிதாவைவிட மேலே இருந்தும் கோவையை இழந்தார், கிண்டி மீது தனக்கிருந்த ஆசையை உள்ளபடி எழுதியதால். அந்த ஊரில் நம் கடைக்காரர்தான் ஞானி. பாஸ்டன் பெற்றோர்கள் குழுவாகக் கூடி, எந்தப் பள்ளியை முதல் வரியில் போடுவது என்று வியூகம் வகுத்தார்கள். கூடிப் பேச நேரமும் நாலு பேர் தொடர்பும் உள்ளவர்களின் பிள்ளைகள் தப்பித்தார்கள். மனதில் இருந்ததை அப்படியே எழுதியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இதற்கு மாற்று 1962லேயே எழுதப்பட்டுவிட்டது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணிதர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் ஒன்றாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏழே பக்கம். அவர்கள் செய்தது ஒரே ஒரு மாற்றம்: இடத்தை உடனே கொடுத்துவிடாதே, கையில் பிடித்து வை.

அதே மூவருக்கு அதைப் போட்டுப் பாருங்கள். கோவை கவிதாவைத் தற்காலிகமாகத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது. கிண்டியில் இடம் கிடைக்காத முத்து கோவைக்கு வருகிறார். கோவை இருவரையும் ஒப்பிட்டு, தரவரிசையில் மேலே உள்ள முத்துவை வைத்துக்கொண்டு கவிதாவை அனுப்புகிறது. கவிதா கிண்டியைக் கேட்கிறார். அங்கே செல்வி இருக்கிறார். காரைக்குடிக்குப் போகிறார். இனி யாரும் நகர வேண்டியதில்லை என்றானபின்தான் ஒதுக்கீடு உறுதியாகிறது. அண்ணா பல்கலைக்கழக அரங்கில் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் எடுத்திருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். எல்லாக் கல்லூரிகளுக்கும் தரவரிசை ஒன்றே என்றால் இரண்டு வழியும் ஒரே ஊரில் போய்ச் சேர்கின்றன. ஒவ்வொரு கல்லூரியும் வேறு வேறு தரவரிசை வைத்திருந்தாலும் முறிந்துபோகாமல் விடை தருவதுதான் கேல்-ஷாப்லி முறையின் பலம்.

அந்த விடையை நிலையானது என்கிறார்கள். ‘எனக்கு அந்தக் கல்லூரிதான் வேண்டும்’ என்று ஒரு மாணவரும், ‘இருப்பவரைவிட அவர்தான் எங்களுக்கு வேண்டும்’ என்று அந்தக் கல்லூரியும் ஒரே நேரத்தில் சொல்லும் நிலை எங்கும் மிஞ்சாது. ஏமாற்றம் இருக்கலாம், முறையீடு செய்ய இடமிருக்காது. மாணவர்கள் கேட்டு வரும் வடிவத்தில் இன்னொன்றும் நிரூபணமாகியிருக்கிறது: மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுபவரை, பொய்யாக எழுதி யாரும் மிஞ்ச முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை மருத்துவமனைகளுக்கு ஒதுக்க 1952 முதல் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு உள்ளுக்குள் இதே முறைதான் என்று 1984இல் ஆல்வின் ராத் காட்டினார். காகிதத்தில் கோட்பாடு பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே அது வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. ராத்தும் ஷாப்லியும் 2012இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். கேல் 2008இலேயே இறந்துவிட்டார். தலைப்பிலேயே ‘கல்லூரிச் சேர்க்கை’ என்று வைத்து எழுதிய அந்தக் கட்டுரையின் சொந்த நாட்டில், கல்லூரிகள் இன்றும் மாணவர்களிடம் தனித்தனியே கட்டுரை கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஐ.ஐ.டி.களும் என்.ஐ.டி.களும் 2015இல் ஒன்றுசேர்ந்து தொடங்கிய ‘ஜோசா’ கலந்தாய்வு, கேல்-ஷாப்லி வழியில் இடங்களை ஒதுக்குகிறது.

ஒரு காலி இடம் ஊர் ஊராக நகரும்

இடையில் கல்லூரி மாறுவது நம் ஊரில் அரிது. இரண்டு கல்லூரிகளும் சம்மதிக்க வேண்டும், பல்கலைக்கழகம் அனுமதிக்க வேண்டும். அதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். ஆனால் சேர்வதற்கு முன்பே மாறிக்கொள்ள ஒரு வாசல் இருக்கிறது. ஒதுக்கீடு வந்ததும் ‘அக்செப்ட் அண்ட் அப்வர்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், கையிலிருக்கும் இடத்தைப் பிடித்தபடியே மேல் வரிகளுக்குக் காத்திருக்கலாம்.

கிண்டியில் இடம் வாங்கிய ஒருவர் எம்.பி.பி.எஸ். கிடைத்துப் போய்விடுகிறார் என்று வையுங்கள். அந்த இடத்துக்குக் கோவையில் இருந்தவர் ஏறுகிறார். கோவைக்குக் காரைக்குடியிலிருந்து ஒருவர். காரைக்குடிக்கு, அரியலூரில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கிய ஒருவர். சென்னையில் காலியான நாற்காலி, யாரும் கண்ணால் பார்க்காமல், மாநிலத்தின் குறுக்கே நகர்ந்து கடைசியில் ஏதோ ஒரு கல்லூரியில் போய் நிற்கிறது. மூவர் மேலே ஏற ஒருவர் விலகினால் போதும்.

கவனிக்க வேண்டியதும் இங்கேதான். மேல் வரி கிடைத்தால் கையிலிருந்தது தானாகவே போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. பட்டியலில் மேலே இருக்கிறது என்பதால் அதுதான் உங்களுக்கு அதிகம் பிடித்தது என்று கணினி எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஒரு வரியை மேலே போட்டிருந்தால், அந்த வரிக்கே உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஜோசாவில் இதை ஃப்ரீஸ், ஸ்லைடு, ஃப்ளோட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: இதுவே போதும், இதே கல்லூரியில் வேறு பாடப்பிரிவு கிடைத்தால் மாறுவேன், வேறு கல்லூரியானாலும் மாறுவேன். கல்லூரி முக்கியமா, பாடம் முக்கியமா என்ற கேள்வி அந்த மூன்று பொத்தான்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

கணக்கு கேட்காத கேள்விகள்

இந்த முறை நேர்மையானதுதான், தரவரிசையை ஏற்றுக்கொண்டபின். தரவரிசையை எந்தக் கோலால் அளப்பது என்பதில் கேல்-ஷாப்லிக்கு வேலை இல்லை. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றானது. கோல் மாறினால் வரிசையே தலைகீழாகலாம் என்பதை அரியலூர் மாவட்டத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குழுமூரைச் சேர்ந்த சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். மருத்துவக் கட்-ஆஃப் 200க்கு 196.75. நீட் தேர்வில் 720க்கு 86. 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கான கோல் பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து நீட்டுக்கு மாறியது. ஒரு தாளில் முன்வரிசையில் நின்ற பெண் இன்னொரு தாளில் வரிசைக்கே வெளியே நின்றார். அந்த செப்டம்பரில் அவரை இழந்தோம். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்குக்கு இன்று அவர் பெயர்.

கணினி கேட்காத இன்னொரு கேள்வி நம் கையில் இருக்கிறது. பத்துக் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை அடுக்க 36,28,800 வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றைத்தான் நீங்கள் அனுப்புகிறீர்கள். பத்தில் எந்த இரண்டை எடுத்தாலும் ‘இதுவா, அதுவா’ என்று ஒரு கேள்வி. அப்படி மொத்தம் 45 கேள்விகள். பட்டியலை லாக் செய்யும்போது 45க்கும் பதில் சொல்லியாயிற்று. அமெரிக்க மாணவர் பல பத்திகளில் எழுதுவதைவிட நம் பத்து வரி நிறையவே பேசுகிறது. காரணங்கள் மட்டும்தான் வெளியே தெரிவதில்லை.

காரணங்கள் எப்படியும் இருக்கலாம். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்பதால், கிண்டி கிடைக்கக்கூடிய கட்-ஆஃப் இருந்தும் அரியலூர்க் கல்லூரியை முதல் வரியில் எழுதும் ஒரு பெண் இருக்கலாம். ‘தகுதிக்குக் குறைவாகப் போட்டிருக்கிறாய்’ என்று கணக்கு அவளைத் திருத்தாது. அவள் சொன்ன வரிசையை அப்படியே நிறைவேற்றும். ஊர் பேசும் பெருமையைவிட அவளுடைய காரணத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கு மட்டுமே உரிய காரணங்களும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் புவியமைப்பியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார். காரை கிராமத்தின் செம்மண் மேடுகளில், கடல் இருந்த காலத்தின் அம்மோனைட்டுகள் நத்தைச் சுருளாகக் கிடைக்கின்றன. ஆடு மேய்க்கும்போது அதைப் பொறுக்கி டவுசர் பையில் போட்டு வளர்ந்த பையன், திருச்சி தேசியக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியமைப்பியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், உறவுக்காரர்கள் “கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலையா தம்பி?” என்று இரக்கப்படுவார்கள். ‘ஏன் இந்தப் படிப்பு?’ என்று எழுதச் சொன்னால் வேறு எந்த ஊர்ப் பிள்ளையும் எழுத முடியாத முதல் பத்தி அவன் பையில் இருக்கிறது.

பிரவுசிங் சென்டருக்குத் திரும்புவோம். தாளைப் பத்திரமாகக் கொண்டுவந்த மாணவி செய்ய வேண்டியவை மூன்றே. எட்டுமா எட்டாதா என்று பார்க்காமல், பிடித்த வரிசையிலேயே எழுதுவது. கட்டாயம் கிடைக்கும் கல்லூரிகளையும் மறக்காமல் கீழே சேர்ப்பது. மேலே ஆசைகளை மட்டும் வைத்துப் பட்டியலைக் குட்டையாக முடித்தால் இடமே இல்லாமல் போகலாம். மூன்றாவது, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு காரணத்தைப் பென்சிலில் குறிப்பது: ஹாஸ்டல் கட்டணம், பாடப்பிரிவு, ஆய்வகம், பேருந்து, சீனியர் அக்கா சொன்னது, எதுவானாலும். காரணம் எழுத வராத வரி யாரோ சொல்லிச் சேர்த்த வரி. அதைக் கீழே இறக்கலாம், எடுத்தும் விடலாம்.

லாக் செய்ததும் கடைக்காரர் பிரின்ட் எடுத்துக் கொடுப்பார். தாளின் ஒரு பக்கம் முழுக்கக் கல்லூரி எண்களும் பாடப்பிரிவுக் குறியீடுகளும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கலாம்.